யூரியா பாத்தி, சாணிப் பாத்தி, மரத்தூள் பாத்தி: ஒரே நேப்பியர், ஏன் மூன்று விதமாக வளர்கிறது?

பட்டிக்காரன் (நிபோங் திபால்)

அனைவருக்கும் வணக்கம். நான் கறவை மாடுகளும் கொஞ்சம் ஆடுகளும் வைத்திருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் உள்ள நிலத்தில் நேப்பியர் என்ற தீவனப் புல் போட்டு வெட்டிப் போடுகிறேன். எல்லாம் ஒரே கரணை, ஒரே மண், வெயிலும் ஒன்றுதான். ஆனால் மூன்று பாத்தியும் மூன்று மாதிரி நிற்கிறது.

முதல் பாத்தியில் ஒவ்வொரு வெட்டுக்கும் யூரியா போடுகிறேன். கரும்பச்சையாகத் தலைக்கு மேல் வளர்கிறது. தண்டில் தண்ணீர் அதிகம், காற்றடித்தால் சாய்கிறது. இரண்டாவதற்கு மக்கிய சாணி மட்டும். சுமாரான உயரம், நல்ல நிறம். மூன்றாவதுதான் தலைவலி. பட்டியில் மாட்டுக்கு அடியில் பரப்பிய பால்மர (ரப்பர் மர) அறுப்புத் தூளை அள்ளி அங்கே கொட்டிக் கொத்திவிட்டேன். அதில் மூத்திரமும் சாணியும் கலந்திருக்கிறது, நல்ல உரம்தானே என்று நினைத்துக் கொட்டியது. புல் முழங்காலைத் தாண்டவில்லை, மஞ்சளடித்துப் போயிற்று. ஒரு தூரைப் பிடுங்கிப் பார்த்தால் மேலே ஒன்றுமில்லை, கீழே வேர் மட்டும் சடையாக இருக்கிறது. தண்டைக் கடித்துப் பார்த்தேன். யூரியா பாத்தித் தண்டு சப்பென்று இருக்கிறது, இந்த நோஞ்சான் லேசாக இனிக்கிறது!

இன்னொன்று. யூரியா பாத்திப் புல்லை நறுக்கி நீல டிரம்மில் காற்றுப் புகாமல் அடைத்து சைலேஜ் (புளிக்கவைத்த தீவனம்) போட்டேன். திறந்தால் குடலைப் புரட்டும் நாற்றம், மாடு முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. சாணிப் பாத்திப் புல்லை அதே மாதிரிதான் அடைத்தேன். அது நல்ல புளிப்பு வாசனை.

நன்றாக வளர்ந்த புல் டிரம்மில் அழுகுகிறது, வளராத புல்லில் சர்க்கரை இருக்கிறது. எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உரக்கடை அக்கா (புக்கிட் மெர்தாஜாம்)

தம்பி, முதலில் அந்தத் தூள் எங்கிருந்து வந்தது? தளவாடத் தொழிற்சாலையில் வாங்கியதென்றால், பலகைக்கு மருந்து ஏற்றினதற்கு முன்னால் அறுத்த தூளா, பின்னால் அறுத்த தூளா? பால்மரப் பலகையைப் பூச்சி அரிக்காமல் இருக்கப் போரான் கலந்த மருந்தில் ஊற வைப்பார்கள். போரான் கூடினாலும் புல் கெடும்.

பட்டிக்காரன்

பச்சை மரம் அறுக்கும் பட்டறையில் வாங்கியது அக்கா. மருந்து ஏற்றுவதெல்லாம் அதற்கப்புறம்தான், வேறு இடத்தில்.

உரக்கடை அக்கா

சரி, இருந்தாலும் இலையைப் பார். மஞ்சள் எந்த இலையில் தொடங்குகிறது? அடி இலையா, குருத்தா? நுனி, ஓரம் மட்டும் தீய்ந்த மாதிரி பழுப்பாக இருக்கிறதா, இல்லை இலை முழுக்க வெளுத்திருக்கிறதா? படம் போட முடிந்தால் போடு.

பட்டிக்காரன்

படம் ஏற மாட்டேன் என்கிறது. அடி இலைதான். நுனியில் தொடங்கி நடு நரம்பை ஒட்டி உள்ளே இறங்குகிறது, கவிழ்த்துப் பிடித்த கூம்பு மாதிரி. குருத்து பச்சையாகத்தான் இருக்கிறது, வெளிர்ப்பச்சை. ஓரம் தீயவில்லை.

உரக்கடை அக்கா

அப்படியென்றால் தழைச்சத்துப் பஞ்சம், அதாவது நைட்ரஜன் பஞ்சம். போரான் இல்லை. கந்தகம் குறைந்தால் குருத்துதான் முதலில் வெளுக்கும். தழைச்சத்து குறைந்தால் செடி அடி இலையில் இருப்பதைப் பிய்த்துக் குருத்துக்கு அனுப்பிவிடும், அதனால் அடியில் மஞ்சள். மரத்தூள் மண்ணில் இருந்ததை விழுங்கியிருக்கிறது. மிச்சத்தை செர்டாங் தங்கச்சி வந்து சொல்லும், இந்த இழையை அது பார்க்காமல் இருக்காது.

சாணிப்பொன் (சுங்கை பாக்காப்)

இதற்குத்தான் நான் தலை தலையாக அடித்துக்கொள்கிறேன். யூரியா உப்பு. புல்லை ஊத வைக்கும், சத்து இருக்காது. அண்ணன் சொன்ன சைலேஜே அதற்குச் சாட்சி. சாணி போட்ட பாத்திதான் உண்மையான வளர்ச்சி. யூரியாவை நிறுத்துங்கள், எல்லாம் சரியாகும்.

இலைப்பச்சை (செர்டாங்)

அக்கா கூப்பிட்டாச்சு, வந்துவிட்டேன். 😄 புல்லின் தழைச்சத்தைப் பற்றித்தான் நான் ஆய்வே செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டிக்காரன் அண்ணே, நீங்கள் தலைகீழ் என்று சொன்னதுதான் நேரான கணக்கு. புல்லின் காய்ந்த எடையில் 40 முதல் 45 சதவீதம் கார்பன். நைட்ரஜன் 1 முதல் 4 சதவீதம்தான். கார்பன் காற்றிலிருந்து வருகிறது, அதற்குப் பஞ்சமில்லை. அந்தக் கார்பனை இலை சர்க்கரையாக்கிக் கொடுத்துவிடும். ஆனால் சர்க்கரை மட்டும் இருந்தால் புது இலை முளைக்காது. புது செல் உண்டாகப் புரதம் வேண்டும், டிஎன்ஏ வேண்டும், இரண்டிலும் நைட்ரஜன் உண்டு. மணலும் சிமெண்டும் குவிந்து கிடக்கிறது, கொத்தனார் வரவில்லை. உங்கள் மூன்றாம் பாத்தி அந்த நிலையில் இருக்கிறது.

எல்லோரும் நினைப்பது இப்படி: தழைச்சத்து குறைந்தால் இலை வெளுக்கும், ஒளிச்சேர்க்கை குறையும், சர்க்கரை குறையும், அதனால் வளர்ச்சி குறையும். நடப்பது அந்த வரிசையில் இல்லை. முதலில் அடிபடுவது இலை நீளும் வேகம். ஒளிச்சேர்க்கை அதற்குப் பின்னால்தான் இறங்குகிறது, அவ்வளவு வேகமாகவும் இறங்குவதில்லை. வரும் சர்க்கரைக்கும் செலவாகும் சர்க்கரைக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. மிஞ்சிய சர்க்கரை தண்டிலும் இலையுறையிலும் தங்கும், மாவுச்சத்தாகவும் மாறும். நீங்கள் கடித்த இனிப்பு அதுதான்.

ஒன்று செய்து பாருங்கள். நன்றாக வளரும் ஒரு கிளையின் வெளி இலைகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே உள்ளே போங்கள். கடைசியில், இன்னும் வெளியே தலை காட்டாத இலையின் அடிப்பகுதி வெள்ளையாக, மெத்தென்று, நகம் பட்டாலே நசுங்கும்படி இருக்கும். புல்லின் இலை நீளுவது அந்தச் சில சென்டிமீட்டரில் மட்டும்தான். நுனி ஏற்கனவே முடிந்துபோன பகுதி. மாடு மேய்ந்தாலும் இயந்திரம் வெட்டினாலும் புல் சாகாமல் திரும்ப வருவது இதனால்தான், வளரும் இடம் கீழே உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. இலையிலேயே நைட்ரஜன் மிக அடர்த்தியாகச் சேருவதும் அங்கேதான், செல்கள் பிரியும் அடி முனையில். அங்கே நைட்ரஜன் போதவில்லை என்றால் இலை நீளும் வேகம் பாதியை விடக் குறைந்துவிடும். மேலே வெயிலில் இருக்கும் இலை பாட்டுக்குச் சர்க்கரை செய்துகொண்டே இருக்கும்.

பட்டிக்காரன்

தங்கச்சி, இப்போதுதான் உரித்துப் பார்த்துவிட்டு வருகிறேன். யூரியா பாத்தியில் அந்த வெள்ளைப் பகுதி என் சுண்டுவிரலை விட நீளம், மூன்றாம் பாத்தியில் நகக்கண் அளவுதான்! வேர் மட்டும் ஏன் சடை போட்டது?

இலைப்பச்சை

மிஞ்சிய சர்க்கரைக்குப் போக்கிடம் வேண்டுமே. வேருக்கு நைட்ரஜன் கம்மியாக இருந்தாலும் சமாளிக்கும், இலை அளவுக்குக் கேட்காது. மண்ணிலிருந்து வரும் கொஞ்ச நஞ்ச நைட்ரஜனை முதலில் தொடுவதும் வேர்தான். அதனால் கார்பன் கீழே போகிறது. ஆனால் ஒரு திருத்தம்: வேரை வெட்டிக் காயவைத்து எடை போட்டால் யூரியா பாத்தியின் வேர் அதிகமாகவே இருக்க வாய்ப்புண்டு. மேலுக்கும் கீழுக்கும் உள்ள விகிதம்தான் மாறுகிறது. மேலே ஒன்றுமில்லாததால் கீழே நிறைய இருப்பதாகக் கண்ணுக்குப் படுகிறது.

ஓய்வு வாத்தியார் (ஆயர் ஈத்தாம்)

இந்த விகித விஷயத்தை 1960களில் நெதர்லாந்தைச் சேர்ந்த புரூவர் என்பவர் அழகாக விளக்கினார். வேரைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் செடி வேரை முதலில் வளர்த்துக்கொள்ளும், இலையை வெட்டிவிட்டால் இலையை. எது குறைகிறதோ அதைக் கொண்டுவரும் உறுப்புக்குச் செலவு போகும். நைட்ரஜன் குறைந்தால் வேருக்கு, வெளிச்சம் குறைந்தால் இலைக்கு. நிழலில் இருக்கும் புல்லைப் பிடுங்கிப் பாருங்கள், வேர் நான்கு நூல்தான் இருக்கும்.

சாணிப்பொன் தம்பிக்கு: செடி வேரால் எடுப்பது பெரும்பாலும் நைட்ரேட், அம்மோனியம் என்ற இரண்டு நைட்ரஜன் வடிவங்களைத்தான். சாணியிலிருந்து வந்ததா, மூட்டையிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது.

சாணிப்பொன்

வாத்தியார் ஐயா சொன்னால் மறுக்க முடியாது, ஆனாலும் சைலேஜ் ஏன் நாறியது? அதற்குப் பதில் சொல்லுங்கள். சாணிப் பாத்தியில் அது நடக்கவில்லையே.

இலைப்பச்சை

நியாயமான கேள்வி அண்ணே. யூரியா கெட்டது என்பதால் நாறவில்லை. அந்தப் புல்லில் சர்க்கரை தீர்ந்துபோயிருந்தது.

நைட்ரேட் இலைக்குள் வந்தால் சும்மா இருக்காது. அதை அம்மோனியமாக்கச் செடி சக்தி செலவழிக்க வேண்டும், பிறகு அமினோ அமிலமாக்க ஒரு கார்பன் சட்டகம் கொடுக்க வேண்டும். அந்தச் சட்டகம் வருவது சர்க்கரையை உடைத்துத்தான். கூடவே புது இலை, புது கிளை என்று கட்டுமானமும் ஜரூராக நடக்கிறது. உள்ளே வருகிற சர்க்கரை எல்லாம் உடனுக்குடன் செலவு, கையிருப்பு இல்லை.

சைலேஜில் வேலை செய்யும் லாக்டிக் பாக்டீரியாவுக்குக் கரையும் சர்க்கரைதான் சாப்பாடு. அதைச் சாப்பிட்டு அமிலம் உண்டாக்கி பிஎச்சை (புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4 பக்கம் இறக்கினால் புல் கெடாமல் நிற்கும். சர்க்கரை இல்லை, தண்ணீர் அதிகம், புரதம் அதிகம் என்றால் பிஎச் இறங்காது. அப்போது குளோஸ்ட்ரிடியா என்னும் வேறு கூட்டம் உள்ளே வந்து புரதத்தை அழுகவைக்கும். நீங்கள் முகர்ந்தது பியூட்டிரிக் அமிலமும் அம்மோனியாவும்.

நம் ஊர்ப் புல்லுக்கு இன்னொரு குறையும் உண்டு. குளிர்நாட்டு ரைகிராஸ் மாதிரிப் புற்கள் மிச்சக் கார்பனை ஃபிரக்டான் என்ற வடிவில் சேர்த்துவைக்கும், அது தண்ணீரில் கரையும். நேப்பியர் மாதிரி வெப்பநாட்டுப் புற்கள் மாவுச்சத்தாகச் சேர்க்கும். லாக்டிக் பாக்டீரியாவில் பெரும்பாலானவற்றால் மாவுச்சத்தைத் தொட முடியாது. அதனால்தான் இங்கே நேப்பியர் சைலேஜுக்கு மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) ஊற்றச் சொல்கிறார்கள்.

வெட்டியதை ஒரு வெயில் வாடவிட்டு அடையுங்கள். பச்சை எடையில் நூற்றுக்கு 4 பங்கு மொலாசஸ் சேருங்கள். சாயங்காலம் வெட்டினால் பகல் முழுக்க சேர்ந்த சர்க்கரையும் கிடைக்கும்.

பட்டிக்காரன்

சாயங்காலம் வெட்டினால் எப்போது வாடவிடுவது? இங்கே நாலு மணிக்கு மழை இடித்துக்கொண்டு வரும்.

இலைப்பச்சை

ஹா ஹா, அது மலேசியப் பிரச்சினை, பாடப்புத்தகத்தில் இருக்காது. ஜனவரி, பிப்ரவரியில் பினாங்கு காய்ந்து கிடக்குமே, சைலேஜுக்கு அதை ஒதுக்குங்கள். மற்ற மாதங்களில் காலையில் வெட்டி மதியம் அடையுங்கள், மொலாசஸை மட்டும் விடாதீர்கள்.

திடல்ராசா (செந்தூல்)

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் கோலாலம்பூரில் பள்ளித் திடல்கள் பராமரிக்கும் வேலை பார்க்கிறேன். மாட்டுக்கு இல்லை, பந்து விளையாட. எல்லாம் கௌகிராஸ், அகல இலை. போட்டிக்கு முன்னால் பச்சையாக இருக்க வேண்டும் என்று சொல்வார்கள், யூரியா தூவுவோம். ரெண்டு வாரம் பளபளவென்று இருக்கும். அப்புறம் பையன்கள் பூட்ஸ் போட்டு ஓடினால் பாளம் பாளமாகப் பெயர்ந்து வருகிறது. வேரே இல்லை. இதுவும் அதே கதைதானா?

ஓய்வு வாத்தியார்

அதே கதைதான் தம்பி. தழைச்சத்தை ஒரேயடியாகக் கொட்டினால் கார்பன் எல்லாம் மேலே ஓடுகிறது. அதற்கு மேல் வாரம் ஒருமுறை அந்த இலையை வெட்டியும் எடுத்துவிடுகிறீர்கள். வேருக்கு என்ன மிஞ்சும்?

கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடுங்கள். வெட்டும் உயரத்தைக் கூட்டுங்கள். வெட்டிய புல் தூளைச் சாக்கில் அள்ளிக் குப்பைக்கு அனுப்பாமல் திடலிலேயே உதிர விடுங்கள். அதில் உள்ள நைட்ரஜன் மக்கித் திரும்ப மண்ணுக்கே வரும், உர மூட்டைச் செலவும் குறையும். கோலாலம்பூர் மழையில் நைட்ரேட் நிற்காது, ஒரு இடிமழை வந்தால் வடிகாலில்தான் போய்ச் சேரும். அதனாலும் ஒரே தடவையில் கொட்டுவது வீண்.

திடலில் நாய் மூத்திரம் விட்ட இடத்தைக் கவனித்திருக்கிறீர்களா? நடுவில் கருகி, சுற்றிலும் கரும்பச்சை வளையம். நடுவில் உப்பு ஏறிச் செத்தது, ஓரத்தில் சரியான அளவு யூரியா விழுந்தது. உரத்தின் அளவைப் பற்றி இதைவிட நல்ல பாடம் நான் வகுப்பில் நடத்தியதில்லை.

திடல்ராசா

ஐயா, அந்த வளையம் எல்லாத் திடலிலும் இருக்கிறது! நான் பூஞ்சை என்று மருந்தடித்துக்கொண்டிருந்த மேலாளர் ஒருவரைப் பார்த்திருக்கிறேன்.

உரக்கடை அக்கா

மருந்து விற்றவர் நல்ல ஆள்தான் போல. 😂

நெல்வயல் (கெப்பாளா பத்தாஸ்)

நெல்லும் புல்தானே, நானும் சேர்ந்துகொள்கிறேன். எங்கள் பக்கம் யூரியா கூடினால் இரண்டு கெடுதல். கதிர் வரும் நேரத்தில் பயிர் சாயும், குலைநோய் வரும். சாய்வதற்கும் இந்தச் சர்க்கரைக் கணக்குக்கும் தொடர்பு உண்டா?

இலைப்பச்சை

உண்டு. நெற்பயிர் கதிர் விடுவதற்கு முன் தண்டிலும் இலையுறையிலும் மாவுச்சத்தைச் சேர்த்துவைக்கும், பிறகு மணிக்கு அனுப்பும். தழைச்சத்து மிதமிஞ்சினால் அந்தச் சேமிப்பு குறைகிறது, கார்பன் இலைக்கும் கிளைக்கும் போய்விடுகிறது. கணுவிடை நீண்டு, தண்டு சுவர் மெலிந்துவிடும். மேலே பாரம், கீழே பலமில்லை, சாயாமல் என்ன செய்யும்? இலை அடர்ந்து ஈரம் காயாததால் குலைநோய்க்கும் வசதி.

ஒரு வேறுபாடு சொல்லிவிடுகிறேன். கார்பனைப் பிடிக்கும் முறையை வைத்துச் செடிகளைப் பிரித்தால் நெல் சி3 வகை, நேப்பியர், கௌகிராஸ், லாலான் என்ற களைப்புல், கரும்பு எல்லாம் சி4. நெல் இலையின் நைட்ரஜனில் கால்வாசி வரைக்கும் ரூபிஸ்கோ என்ற ஒரே புரதத்தில் முடங்கிக் கிடக்கிறது, காற்றிலிருந்து கார்பனைப் பிடிக்கும் புரதம் அது. சி4 புற்கள் கார்பன் டைஆக்சைடை அந்தப் புரதத்தைச் சுற்றிச் செறிவாக்கிக் கொடுப்பதால் கொஞ்சம் ரூபிஸ்கோவே போதும், இலை நைட்ரஜனில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அதே நைட்ரஜனுக்கு அதிகக் கார்பன் பிடிக்கும். லாலான் மொட்டை மண்ணிலும் பிழைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓய்வு வாத்தியார்

நெல் சாய்வது பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு கிளைக்கதை. பினாங்கு லிட்டில் இந்தியா கடைகளில் பொன்னி அரிசி வாங்குகிறோமே, அதன் தாய் தகப்பனில் ஒன்று மாயாங் எபோஸ் என்ற நம் மலாயா நெல், மற்றொன்று தைவானின் தைச்சுங் 65. அந்தக் கலப்பில் வந்ததுதான் இங்கே 1965இல் வெளியான மசூரி, அதுவே தமிழ்நாட்டில் பொன்னி ஆனது. உயரமான பயிர், தழைச்சத்து கூடினால் படுத்துவிடும். மறு ஆண்டு, 1966இல், பிலிப்பைன்ஸிலிருந்து ஐஆர்8 வந்தது. குட்டை, விறைத்த தண்டு. போட்ட தழைச்சத்தை வைக்கோலாக்கிச் சாய்ந்துவிடாமல் மணியாக மாற்றியதுதான் அதன் சாமர்த்தியம். ருசி மட்டும் பொன்னிக்குப் பக்கத்தில் வராது என்பது என் கட்சி.

உரக்கடை அக்கா

வாத்தியார் சாப்பாட்டுக்குப் போய்விட்டார், நாம் மாட்டுக்குத் திரும்புவோம். தம்பி, ஒரு வெட்டுக்கு எவ்வளவு யூரியா போடுகிறாய்?

பட்டிக்காரன்

கணக்குப் பார்த்ததில்லை அக்கா. வாளியில் அள்ளிக் கை நிறையத் தூவுவேன், வெட்டிய அன்றைக்கே.

உரக்கடை அக்கா

எதிர்பார்த்தேன்! கணக்கு எளிது. ஒரு டன் பச்சைப் புல் வெட்டினால் அதில் காய்ந்த எடை 200 கிலோ வைத்துக்கொள். அதில் 2 சதவீதம் நைட்ரஜன் என்றால் 4 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன், அதனால் கிட்டத்தட்ட 9 கிலோ யூரியா. ஒரு டன் புல் வெளியே போனால் அவ்வளவு சத்து நிலத்தை விட்டுப் போகிறது. சாணி போட்டால் அதற்குத் தக்கபடி குறைத்துக்கொள். இதைச் சொன்னால் என் முதலாளிக்கு வியாபாரம் குறையும், ஆனாலும் சொல்கிறேன்.

இலைப்பச்சை

அக்கா சொன்ன 2 சதவீதம் எப்போதும் ஒன்றல்ல, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புல் வளர வளர அதன் நைட்ரஜன் சதவீதம் தானாகவே இறங்கும், உரம் குறைவில்லாமல் இருந்தாலும். இளம் பயிரில் இலை அதிகம். பெரிதாகும்போது தண்டும் நாரும் கூடும், கீழ் இலைகள் நிழலில் மாட்டும், கார்பன் பங்கு ஏறும். பிரான்சில் லெமேர், சலெட் இருவரும் 1980களில் இதை ஒரு வளைகோடாகவே வரைந்தார்கள். சி4 புல்லுக்கான அப்படிப்பட்ட கோட்டின்படி: ஹெக்டேருக்கு காய்ந்த எடை 1 டன் நிற்கும்போது முழு வளர்ச்சிக்கு 3.6 சதவீதம் வேண்டும், 5 டன்னில் சுமார் 2.1 போதும், 10 டன்னில் 1.6 பக்கம்.

மாட்டுக்காரருக்கு இதில் ஒரு சேதி உண்டு. நைட்ரஜனை 6.25ஆல் பெருக்கினால் புரதம். 2.1 என்றால் 13 சதவீதம், 1.6 என்றால் 10தான். ஆறு எட்டு வாரத்துக்குள் வெட்டச் சொல்வது இதற்காகத்தான். முற்றவிட்டால் வண்டி நிறைய வரும், ஆனால் பால் வராது.

அப்புறம் வெட்டிய அன்றே தூவுவது. இலை போனதும் வேருக்குச் சர்க்கரை வரத்து நின்றுவிடும், நைட்ரஜனை உறிஞ்சவும் சக்தி வேண்டுமே. முதல் சில நாள் புல் தன் அடித்தண்டிலும் வேரிலும் வைத்திருந்த சர்க்கரையையும் நைட்ரஜனையும் எடுத்துத்தான் புது இலை விடும். அந்த நேரத்தில் மேலே கிடக்கும் யூரியா அம்மோனியாவாகக் காற்றில் போகும், இல்லை மழையில் கரைந்து போகும். ஒரு வாரம் பொறுங்கள், புது இலை ஒரு சாண் வந்ததும் போடுங்கள். இடிமழை அன்று வேண்டாம், சாதாரண மழைக்கு முன்னால் போட்டால் மண்ணுக்குள் இறங்கிவிடும். தரையோடு ஒட்டவும் வெட்டாதீர்கள், அந்தச் சேமிப்பு இருப்பது அடித்தண்டில்.

சாணிப்பொன்

சரி, யூரியாவைக் கணக்காகப் போட்டால் தப்பில்லை என்று வைத்துக்கொள்வோம். மண் புளித்துப் போவதற்கு என்ன சொல்கிறீர்கள்? எங்கள் பக்கம் வருஷக்கணக்கில் மூட்டை உரம் போட்ட நிலம் எப்படி ஆனது என்று பார்த்திருக்கிறேன்.

ஓய்வு வாத்தியார்

அதில் தம்பி சொல்வது சரிதான், மழுப்ப வேண்டியதில்லை. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஒரு புல்வெளியை 1856இலிருந்து இன்றுவரை பாத்தி பாத்தியாகப் பிரித்து உரம் போட்டு வருகிறார்கள். ஆண்டுதோறும் அமோனியம் சல்பேட் போட்டு, சுண்ணாம்பு போடாமல் விட்ட பாத்திகளில் மண்ணின் பிஎச் 4க்கும் கீழே போய்விட்டது. உரமே போடாத பாத்தியில் பலவகைப் புல்லும் பூச்செடியும் கலந்து நிற்க, அங்கே ஒன்றிரண்டு புல் இனம்தான் மிச்சம். மக்காத சருகு மேலே மெத்தையாகக் கிடக்கிறது, மண்புழு இல்லை. யூரியா அந்த அளவுக்குப் புளிக்க வைக்காது, ஆனால் வைக்கும். நம் மண் பிறவியிலேயே புளிப்பு. அதனால் ஜிஎம்எல் (அரைத்த மக்னீசியச் சுண்ணாம்புக்கல்) சேர்த்தே திட்டமிட வேண்டும்.

உரக்கடை அக்கா

ஜிஎம்எல்லையும் யூரியாவையும் ஒரே நாளில் போட்டுவிடாதீர்கள் சாமிகளா. யூரியா அம்மோனியாவாகப் பறந்துவிடும். சில வாரம் இடைவெளி விடுங்கள்.

பட்டிக்காரன்

எல்லாம் சரி, மூன்றாம் பாத்தியை என்ன செய்வது? மரத்தூளை அள்ள முடியாது, கொத்திவிட்டேன்.

இலைப்பச்சை

அங்கே கார்பன்தான் வில்லன், ஆனால் செடிக்குள் இல்லை, மண்ணுக்குள். மரத்தூளில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு நூற்றுக்கணக்கான பங்கு கார்பன். அதைத் தின்னும் நுண்ணுயிர்களின் உடம்பில் எட்டுக்கு ஒன்று மாதிரி. கார்பன் விருந்து கிடைத்ததும் பெருகும், நைட்ரஜன் போதாமல் மண்ணில் இருப்பதை எல்லாம் இழுத்துக்கொள்ளும். வேர் போட்டியில் தோற்றுவிடும். மாட்டு மூத்திரம் கலந்திருந்தும் போதவில்லை, தூளின் பங்கு அவ்வளவு.

அந்த நைட்ரஜன் தொலைந்துபோகவில்லை, நுண்ணுயிர் உடம்பில் இருக்கிறது. தூள் மக்கி முடிந்ததும் திரும்பி வரும். அதுவரை அந்தப் பாத்திக்கு மட்டும் யூரியாவைச் சின்னச் சின்னத் தவணையாகக் கொடுங்கள். இனிமேல் பட்டித்தூளைச் சாணியோடு குவித்து, புரட்டிப் புரட்டி, கருத்து உதிரும் வரை மக்கவிட்டு நிலத்துக்குக் கொண்டுபோங்கள். பயறுவகைக் கொடியை ஓரத்தில் ஏற்றினாலும் நல்லது.

ஓய்வு வாத்தியார்

பால்மரத் தோட்டங்களில் கன்றுகளுக்கு நடுவே பியூரேரியா, கலப்போகோனியம் கொடி படர விடுவார்களே, லயத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். காற்று நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தரும், லாலானையும் நிழல் போட்டு அமுக்கும். லாலானை வெட்டி வெட்டி மாளாது, அதன் சேமிப்பு முழுக்க மண்ணுக்கடியில் கிழங்குத்தண்டில். வெளிச்சத்தை மறைத்துச் சர்க்கரை வரத்தை நிறுத்தினால்தான் அடங்கும். பியூரேரியாவை மாடும் தின்னும்.

திடல்ராசா

புகைமூட்டக் காலத்தில் என் திடல் வளரவே இல்லை, 2019 செப்டம்பரில் நன்றாக நினைவிருக்கிறது. அதிலும் யூரியா போட்டால் தேறுமா?

இலைப்பச்சை

வேண்டாம் அண்ணே. அப்போது குறைவது வெளிச்சம். சர்க்கரையே வராதபோது நைட்ரேட்டை அமினோ அமிலமாக்க ஆளில்லை, இலையில் அப்படியே தேங்கும். திடலில் அது வீண் செலவு, அவ்வளவுதான். மாட்டுத் தீவனத்தில் ஆபத்து.

பட்டிக்காரன் அண்ணே, இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். யூரியா நிறையப் போட்ட புல், புகைமூட்டமோ தொடர் மேகமோ வறட்சியோ வந்த சமயம் வெட்டினால் நைட்ரேட் அதிகமாக இருக்கும், தண்டின் அடிப்பகுதியில் மிக அதிகம். மாட்டின் வயிற்றில் அது நைட்ரைட்டாகி இரத்தத்தில் கலந்தால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்காது. மூச்சு வாங்கும், ஈறு நீலம் பாரிக்கும், இரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும், மெத்திலீன் நீலம் ஊசி போட்டால் பிழைக்க வாய்ப்புண்டு. அப்படிப்பட்ட நாட்களில் உயர்த்தி வெட்டுங்கள், பசியோடு இருக்கும் மாட்டுக்கு அந்தப் புல்லை மட்டும் குவித்துப் போடாதீர்கள். வைக்கோலோ செம்பனைப் புண்ணாக்கோ கலந்து கொடுங்கள். வயிற்றுக் கிருமிக்கும் சக்தி கிடைத்தால்தான் நைட்ரைட்டைத் தாண்டி அம்மோனியாவாக்கிப் புரதம் கட்டும்.

பட்டிக்காரன்

நல்லவேளை, போன வறட்சியில் அந்தப் பாத்தியை வெட்டவில்லை. இப்படிச் செய்யலாம் என்று இருக்கிறேன்: யூரியா பாத்திக்கு அளந்து போடுவது, வெட்டி ஒரு வாரம் கழித்து. மூன்றாம் பாத்திக்குத் தவணை. தூளைக் குவித்து மக்க வைப்பது. அடுத்த டிரம்மில் மொலாசஸ். அக்கா, மொலாசஸ் உங்கள் கடையில் உண்டா?

உரக்கடை அக்கா

20 லிட்டர் கேன் இருக்கிறது. வரும்போது பிஎச் தாள் ஒரு கட்டும் வாங்கிக்கொள். டிரம்மைத் திறந்ததும் ஒரு பிடி புல்லைச் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து நனைத்துப் பார். 4.2க்குக் கீழே என்றால் மாட்டுக்குப் போடு. 5 என்றால் சாணிக் குவியலுக்குப் போடு, மூக்கை நம்பாதே. ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு கடை அடைத்துவிடுவோம்.

சாணிப்பொன்

அண்ணே, சனிக்கிழமை நான் அந்தப் பக்கம் வருகிறேன், என் லோரியில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். அந்த மூன்றாம் பாத்தித் தண்டையும் ஒன்று கடித்துப் பார்க்க வேண்டும்.